வீசாத துண்டு

"என்மேல பழி போடாத முக்காலி! நானா பறந்து போக முடியும்? மாஸ்டர் வீசினாத்தானே பாக்ஸிங் ரிங்குக்குள்ள விழுவேன், சண்டை நிக்கும்?" ரிங் மூலையில கிடந்த துண்டு சீறுச்சு. "ஏழாவது ரவுண்டுல நம்ம பாக்ஸர் எபினேசருக்குக் கண்ணு சொருகுச்சு. மாஸ்டர் என்னைக் கையில எடுத்தாரு. அதுக்குள்ள கூட்டம் எழுந்து நின்னு, 'இதுதாண்டா ரவுண்டு!'ன்னு விசிலடிச்சுது. அவரும் சொக்கிப்போயி என்னைத் திரும்பத் தோள்ல போட்டுக்கிட்டாரு."

மணி அடிச்சதும் எபினேசரோட ரத்தத்தைத் துடைச்சது துண்டுதான். "சண்டை எப்ப மாஸ்டர் ஆரம்பிக்கும்?"னு அவன் கேட்டது இன்னும் அது காதுல இருக்கு. மூணு நாளா ஆஸ்பத்திரியில அவன் கண்ணே தொறக்கல.

வெளியில போஸ்டர் ஒட்டிட்டாங்க, 'இதுவரை யாரும் பார்க்காத மகத்தான ரவுண்டு'ன்னு. துண்டு முக்காலிகிட்ட பொருமுச்சு:

"விசிலடிச்சவன் ஒருத்தன் இந்த ரிங்குல ஏறி, மைக்கைப் பிடிச்சு, எபினேசரோட அம்மா முன்னாடி சொல்லட்டும். அந்த ரவுண்டுல எதுடா மகத்தானது?"