அறுக்காத மூலை

அறுப்பு மிஷினுக்கு முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினான் பாண்டியன்.

டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். வரப்பில் நின்றிருந்த வைத்திலிங்கம், பாண்டியன் பெண்டாட்டியின் அண்ணன், என்னமோ ஏதோ என்று வயலுக்குள் இறங்கி வந்தான்.

சேறு காயாத வாய்க்கால் மூலையில், நெல் தாளுக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. வைக்கோல் நிறம். நீண்ட அலகு.

அது பறந்து போகவில்லை.

இரண்டு சிறகையும் முன்பக்கம் விரித்து, வாலை விசிறிபோல் தூக்கி, அந்த இரும்பைப் பார்த்துச் சீறியது. சிறகெல்லாம் பொன்நிறப் புள்ளிகள். கைக்குள் அடங்கிவிடும் உடம்பில் அத்தனை வீம்பு எங்கிருந்து வந்ததோ. டிரைவரே அசந்துபோய் மிஷினை அணைத்தார்.

அதன் வயிற்றுக்கடியில் நாலு முட்டைகள்.

“மயில் உள்ளான்,” என்றான் பாண்டியன். “வீராணத்துல தண்ணி ஏறுனா இங்க வரும். இங்க காஞ்சா வேற எங்கயாவது போயிடும். அதுக்குன்னு ஒரு ஊரு கெடையாது. ஆனா அடைக்கு உக்காந்துட்டா அசையாது மச்சான். போன வாரம் அந்த மழை கொட்டுச்சே, அப்பவும் எழுந்திருக்கல.”

வைத்திலிங்கம் குனிந்து பார்த்தான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவன் முகம் இளகியது.

“தாய்ங்கிறது அதான் மாப்ள. உசுரே போனாலும் வுட்டுட்டுப் போவாது பாரு. ஒரு ஆம்பளையால இது முடியுமா?”

“இது ஆம்பள, மச்சான்.”

வைத்திலிங்கம் நிமிர்ந்தான்.

“பொட்டை நல்லா செவப்புக் கழுத்தோட பளபளன்னு இருக்கும். முட்டைய வச்சிட்டு அது கெளம்பிடும். அடைகாக்குறது, குஞ்சுகளக் கூட்டிக்கிட்டுத் திரியிறது, எல்லாம் இவன்தான்.”

பாண்டியன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவன் கண் பறவையை விட்டு நகரவே இல்லை.

மூலையைச் சுற்றிக் குச்சி நட்டான். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிஷின் திரும்பிப் போனது. உள்ளான் சிறகை மெல்ல மடித்து, முட்டைகளை அலகால் ஒதுக்கி, மறுபடி அமர்ந்தது.

வைத்திலிங்கத்தின் தங்கை நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய் ஒரு மாதம்தான் ஆகிறது. ஆம்பளை கையில் கைக்குழந்தை எப்படி வளரும் என்று, அவள் மகளைச் சிதம்பரத்துக்குத் தூக்கிப்போகத்தான் அவன் காலையில் காரோடு வந்திருந்தான்.

வரப்பில் ஏறி, மனைவிக்கு போன் போட்டான்.

“தொட்டில் கட்ட வேணாம். நான் மட்டும்தான் வரேன்.”