வாசனை வருதாம்மா?

“சார், வாசனை வருது.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சூப்பர்வைசர் விசிலை ஊதிவிட்டார். பெல்ட் நின்றது, ஹீட்டர் அணைந்தது. ஃபிட்டர் ஸ்பேனரும் கையுமாக ஓடிவந்து, பசை வரும் குழாயை இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்து, கசிந்த இடத்தை இறுக்கினார்.

“நல்ல வேளை சொன்னீங்கம்மா. ஹீட்டர் பக்கம் இந்த ஆவி சேர்ந்திருந்தா கொட்டகையே பத்திக்கிட்டிருக்கும்” என்றார் சூப்பர்வைசர்.

செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டும் அந்தக் கொட்டகையில் அவள் புதுசு. முன்பிருந்த கம்பெனியில், மிஷினுக்கு மூடி இல்லை என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். மறுநாளே சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடக்கும் புருஷனுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் சம்பாதிக்க வேண்டும். இங்கேயாவது கண்டும் காணாமல் இரு, இதுவும் போனால் நம் பாடு திண்டாட்டம் என்று அவன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

இங்கேயோ கதையே வேறு. சேர்ந்த அன்றே அவளைக் குழாய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தினமும் பெல்ட்டை ஓடவிடுவதற்கு முன்னால் சூப்பர்வைசர் நேரே அவளிடம்தான் வருவார். வாசனை ஏதும் வருதாம்மா, சளி கிளி பிடிக்கவில்லையே என்று விசாரிப்பார். பெற்ற அப்பன்கூட அவளை அப்படி விசாரித்ததில்லை.

கசிவு வந்தால் அலறுவதற்கென்று சுவரில் ஒரு பெட்டி இருந்தது. அது அலறி யாரும் கேட்டதில்லை. பெண்கள் சாப்பாட்டுப் பையை அதில்தான் மாட்டுவார்கள்.

வருஷக்கணக்காய்ப் பசை பூசும் அந்தப் பெண்களைக் கேட்டால், எங்களுக்கு ஒன்றும் தெரியலையே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவளுக்கு ‘மூக்கம்மா’ என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்களே, அது போதாதா? புருஷனிடம் சொன்னபோது அவன் நம்பவே இல்லை.

போகப்போக, வாசனை வருது என்று அவள் சொல்வது குறைந்தது. சூப்பர்வைசர் கேட்டால், இல்லை சார் என்பாள். ஒருவழியாகக் குழாய் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே படுத்திருந்த புருஷன் கத்தினான்.

“பால் தீயுதுடி! பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பண்றே?”

பாத்திரத்தை இறக்கிவைத்தாள். அடி கருகிப்போயிருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். அசதியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வழக்கம்போலக் கேட்டார். இல்லை சார் என்றாள். அவர் நகரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“இப்ப?”

“இல்ல சார்.”

திரும்பிப் பார்த்தாள். அவள் தோளை ஒட்டி, பசை டப்பா ஒன்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அவர்.

வேலை போயிற்று என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. புருஷனிடம் என்ன சொல்வது? ஆனால் சூப்பர்வைசர் முகத்தில் கோபமே இல்லை.

“பயப்படாதீங்கம்மா, வேலையெல்லாம் போகாது. இனிமே அந்தக் கடைசி பெஞ்சுல உட்காருங்க.”

பெட்டியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கடைசி பெஞ்சில் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஏன் இங்கே வந்தாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அவள் பசைப் பிரஷை எடுத்தபோது, சூப்பர்வைசர் போனில் பேசுவது கேட்டது.

“சார், இவங்களுக்கும் மூக்கு செத்துப்போச்சு, புது ஆள் ஒருத்தரை அனுப்புங்க.”