நான்காம் அடுக்கு

"மேல் அடுக்கு, ஐந்து சென்டிமீட்டர்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, தூரிகையால் தூசியை ஒதுக்கினாள் அந்த ஆராய்ச்சி மாணவி. மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தும் தும்மல் தும்மலாக வந்தது.

அவள் தோண்டிக்கொண்டிருந்தது புதைமேடு இல்லை. தொல்லியல் துறையில் அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியரின் மேஜை! மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாளைக்கு சார்.'

முனைவர் பட்ட ஆய்வேட்டை அவரிடம் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. எப்போது கேட்டாலும், "படிச்சுட்டே இருக்கேம்மா, நாளைக்குத் தரேன்" என்பார். இன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் கையெழுத்தோடு ஆபீஸில் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்து. ஐந்து வருட உழைப்பு அம்போ!

"மேஜை மேலதான் எங்கயோ இருக்கும், நீயே தேடிக்கோ" என்று சொல்லிவிட்டு மனிதர் மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

மணி மூன்றரை. பொறுமை போய், மொத்தக் குவியலையும் இழுக்கப் போனாள்.

"ஐயோ, உருவாதீங்கம்மா!" காலி டம்ளர் எடுக்க வந்த பியூன் பதறினார். "ஒவ்வொரு அடுக்கா எடுங்க. கலந்துட்டா எது எந்தக் காலம்னு தெரியாமப் போயிடும்."

'அடேங்கப்பா, இங்கே டீ கொடுப்பவருக்குக்கூட அகழாய்வு அத்துப்படி!' என்று அந்த அவசரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாம் அடுக்கில் போன வருடக் காலண்டரும், எப்போதோ முடிந்த கல்யாணத்தின் அழைப்பிதழும். மூன்றாவதில் அவளுடைய ஆய்வேடு. அவள் ஒட்டிய உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

மீட்டிங் முடிந்து வந்தவரிடம் குறிப்பேட்டை நீட்டினாள். "நீங்க கத்துக்குடுத்த முறைதான் சார். பதினாலு மாசமா யாரும் தொடலைன்னு அடுக்கு சொல்லுது. கணக்கு தப்பா இருந்தா சொல்லுங்க."

பேராசிரியர் அசடு வழிந்தார். உறையைக் கிழித்து, கையெழுத்தைப் போட்டுவிட்டு நழுவினார்.

அப்பாடா! கிளம்பும்போதுதான் கவனித்தாள். அவளுடையது இருந்த இடத்துக்கு அடியில் இன்னொரு ஆய்வேடு. பூச்சி அரித்த அட்டையில் பெயர் போய், தேதி மட்டும் மிச்சம். பன்னிரண்டு வருடம் முந்தைய தேதி.

"அடப்பாவமே! இதை எழுதின மனுஷன் இப்ப எங்க இருக்காரோ?"

மேஜையைத் துடைத்துக்கொண்டே பியூன் சொன்னார்:

"இங்கதாம்மா இருக்கேன். டீ கொண்டு வரட்டுமா?"