ஜெயிக்கிற குதிரை

பந்தயச் சீட்டு வாங்கும் வரிசையில் அவர் மச்சினனோடு நின்றிருந்தார்.

"மாமா, ஊரே அந்தக் கறுப்புக் குதிரை மேலதான் கட்டுது. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுங்க."

"ஜெயிச்சாலும் நூத்துக்குப் பத்துதான்டா மிஞ்சும்."

"சும்மா வர்ற பத்து கசக்குதா?"

"தோத்துட்டா?"

"அதுவா தோக்கும்? ஏன் மாமா வயித்துல புளியைக் கரைக்கிறீங்க?"

அவர் மச்சினன் காதோரம் குனிந்தார்.

"காலையில அதுக்கு லாடம் அடிச்சது நான்தான்டா. ஒரு ஆணி சதையில ஏறிடுச்சு. வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல."

மச்சினன் முகம் மலர்ந்தது. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாங்க, அடுத்த குதிரை மேல கட்டுவோம்!"

"ஓட்டத்துல கால் மடங்கினா, மேல உட்கார்ந்திருக்கிறவன் கழுத்து முறிஞ்சிடும்டா!"

வேலை போனால் போகட்டும் என்று வரிசையை விட்டு விலகி, லாயத்தை நோக்கி ஓடினார்.