ரெக்கை மேல இருக்கிற பிளேன்

"பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று ஹில்டா கேட்டாள்.

"பொம்பளைங்க வுட்றதுக்கு அஞ்சு நிமிஷம் போதும்மா" என்றார் பக்கத்தில் நின்றவர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். வாயில் அதக்கியிருந்த பாக்கின் சாறு கண்ணாடி மேசையில் ரெண்டு புள்ளியாகத் தெறித்தது.

ஜெயவேல் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தான். ராயபுரத்தில் பஸ் ஸ்டாப்பை ஒட்டி இந்த ரிமோட் பிளேன் கடை போட்டு நாலு வருஷம் ஆகிறது. எத்தனையோ புருஷன்மார்களைப் பார்த்துவிட்டான். இப்படி ஒரு கலீஜ் பார்ட்டியைப் பார்த்ததில்லை.

ஹில்டா நேற்றே போன் பண்ணியிருந்தாள். மீஞ்சூர் தாண்டி ஒரு காலி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் பிளேன் விடுகிறார்களாம். ரெண்டு மாசமாக ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவளுக்குத் தானும் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முதல் தடவை எதை வாங்குவது என்று பத்து நிமிஷம் விசாரித்தாள். இன்று சொன்ன நேரத்துக்கு வந்தும்விட்டாள். அவள் திறந்த கதவு மூடுவதற்குள் பின்னாலேயே இவரும் நுழைந்தார்.

ஜெயவேல் ஃபோமில் செய்த வெள்ளை பிளேன் ஒன்றை எடுத்து வைத்தான்.

"இத பாருங்க மேடம். ரெக்கை ஒடம்புக்கு மேல கீது. பயத்துல நீங்க ரிமோட்டு குச்சிய வுட்டாகூட அதுவா நேராயிடும். கீழ வுழுந்தா பசை போட்டு ஒட்டிக்கலாம். புதுசா கத்துக்கறவங்களுக்கு இதான் சரி."

ஹில்டா ரிமோட்டைக் கையில் வாங்கினாள். ரெண்டு குச்சிகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தாள்.

"ரொம்ப லூசா கீதே. இறுக்க முடியுமா?"

ஜெயவேல் நிமிர்ந்து பார்த்தான். புதிதாக வருகிற யாரும் அதைக் கேட்டதில்லை. பின்பக்கம் அதற்கென்று ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. சொல்ல வாயெடுத்தான்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? மேல தூக்கினா மேல போவும், கீழ இழுத்தா கீழ வரும். அவ்ளோதான் மேட்டரு." காது குடைந்துகொண்டிருந்த விரலாலேயே அந்த ஆள் வெள்ளை ரெக்கையைச் சுண்டினார். அதில் மஞ்சளாக ஒரு கறை ஒட்டியது. "இது கொயந்த சாமான். இத உள்ள வை நைனா. அந்த ஜெட்ட எடு."

"சார், ஜெட்டு பழகினவங்களுக்குத்தான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள தரையில குத்திடும்."

"எடுன்றேன்ல?" வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "போன்ல எல்லாம் பாத்துகினுதான் கீறேன். ஜெட்டுதான் கெத்து."

ஹில்டா முகத்தைச் சுளித்தபடி ஒரு அடி தள்ளி நின்றாள். ஹேண்ட்பேகை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, நீயாவது ஏதாவது சொல்லேன் என்பதுபோல ஜெயவேலைப் பார்த்தாள்.

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், இந்த ஆளோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ! ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் கடைக்காரன் புகுந்தால் நன்றாகவா இருக்கும்? காசு கொடுக்கப் போவதும் அந்த ஆள்தானே. வெள்ளை பிளேனைத் துடைத்து அலமாரியில் வைத்தான். ஜெட் பெட்டியை இறக்கினான்.

"இதுக்குப் பெரிய பேட்டரி வேணும் சார்."

"போடு."

"சார்ஜரு?"

"போடு போடு." கூடவே ஒரு ஏப்பம் வந்தது. கடை முழுக்கப் பூண்டு நாற்றம். ஜெயவேல் மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியைக் கட்டினான்.

ஹில்டா ரிமோட்டை மேசைமேல் வைத்தாள். சத்தமே கேட்கவில்லை, அத்தனை பதமாக வைத்தாள்.

"நான் ஹார்பர்ல கிரேன் ஓட்றேன் தம்பி. இதே மாதிரி ரெண்டு குச்சிதான். கப்பல்லேர்ந்து கண்டெய்னரைத் தூக்கி, லாரி மேல முட்டைய வெக்கறாப்பல வெப்பேன். பன்னெண்டு வருஷமா அதான் என் வேல." அவள் குரலை உயர்த்தவில்லை. "நேத்து போன்ல நல்லாத்தான் பேசின. இன்னிக்கி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல மேடம், சார்தான்..."

"உன்னச் சொல்லிக் குத்தமில்ல. ஓனரு இந்த லட்சணத்துல இருந்தா நீ இன்னா பண்ணுவ, பாவம்."

விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

ஓனரா? ஜெயவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. கடையே அவனுடையது. ஓனர் என்று அவள் யாரைச் சொல்கிறாள்? அந்த ஆளோ அதற்குள் வாசற்படிக்குப் போயிருந்தார்.

"சார், உங்க வூட்டுக்காரம்மா கோச்சிகினு போறாங்க சார்! போய்க் கூப்புடுங்க!"

அவர் கதவைத் திறந்து பாக்கைத் துப்பினார். "வூட்டுக்காரம்மாவா? நான் எண்ணூர் பஸ்ஸுக்கு நிக்கிறவன் நைனா!"