குண்டூசி ஏறாத வட்டாரம்

சுகாதார அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த நகர வரைபடத்தை என் முழங்கைதான் தள்ளிவிட்டது. பலகை குப்புற விழுந்து, பாதிக்கு மேல் சிவப்புக் குண்டூசிகள் தரையெங்கும் சிதறின.

"பதினோரு வருஷ சர்வீஸ்ல நீங்க ஒரே மூச்சுல செஞ்சு முடிச்ச வேலை இதுதான்" என்றார் என் மேலதிகாரி டாக்டரம்மா.

ஒரு குண்டூசி என்றால், பிறவிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தை. மருத்துவமனைகள் மாதாமாதம் அனுப்பும் படிவங்களைப் பார்த்து ஊசி குத்துவது என் உத்தியோகம். தண்ணீரில் கோளாறா, காற்றிலா, எந்தப் பக்கம் என்று வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கும் காட்டியது. மனைவி கர்ப்பம் என்று தெரிந்ததுமே ஆற்றோர வீட்டைக் காலி செய்து, மூன்று வருடமாக ஒரு ஊசிகூட ஏறாத வடக்கு வட்டாரத்துக்குக் குடிபோனேன். ஊரில் எவனுக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு.

"ஏங்க, இங்க குழாய்த் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்பாள் மனைவி.

"மேப்பைப் பார்த்துட்டுத்தானே வந்தோம். கண்ணை மூடிக்கிட்டுக் குடி."

"மூக்கையும் சேர்த்துல்ல மூடணும்?"

ஊசிகளைத் திரும்பக் குத்துவதற்காகப் பழைய படிவங்களை எடுத்தேன். வடக்கு மருத்துவமனையின் படிவக் கட்டு முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே பதில்: 'இல்லை'. மற்றவர்கள் இரண்டு மாதம் இழுத்தடிப்பார்கள். இவர்களோ அடுத்த மாதப் படிவத்தையே இப்போதே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். சுறுசுறுப்பு என்றால் இதுவல்லவா!

பாராட்டிவிடலாம் என்று போன் செய்தேன். கையெழுத்துப் போடும் நர்ஸே எடுத்தார்.

"சிஸ்டர், மூணு வருஷமா ஒரு குழந்தைக்குக்கூடக் குறையில்ல. அப்படி என்னதான் பண்றீங்க?"

"கேட்டதை அனுப்புறோம், சார். அவ்வளவுதான்."

"தன்னடக்கம் வேற. உங்க ஃபாரத்தை நம்பித்தான் நான் வீடே மாத்தினேன். என் மனைவிக்கு அடுத்த மாசம் உங்ககிட்டதான் பிரசவம்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"எத்தனை மாசமா இந்தத் தண்ணியைக் குடிக்கிறாங்க?"

"ஆறு மாசமா. ஏன் சிஸ்டர்?"

"குறையோட பிறக்குற குழந்தைகளை எண்ணுறதுக்கு இங்க மூணு வருஷமா ஆளே கிடையாது, சார்."