ஆறாவது வீராங்கனை

“இன்னைக்கு மட்டும் எங்கண்ணன் உன்னைக் கொல்லட்டும். அப்புறம் அண்ணனாவது தம்பியாவது!”

பைக்கை ஓரங்கட்டிக்கொண்டே பல்லைக் கடித்தான் லிஃப்ட் மெக்கானிக். பின்னாலிருந்த மனைவி இறங்கினாள்.

ஞாயிறு மதியம் என்றால் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த விளையாட்டு. ஆளுக்கொரு வீரனைத் தாளில் எழுதி உருவாக்கிக்கொண்டு வர வேண்டும். அண்ணன் கதையை நடத்துவார், அரக்கர்களை ஏவுவார். அடி விழுமா விழாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். யாருடைய வீரன் செத்தானோ அவர் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும், அடுத்த வாரம் புது ஆளோடு வரலாம். அது அண்ணன் போட்ட சட்டம்.

ஐந்து வாரமாக, ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் செத்துப்போனது அவன் மனைவி ஒருத்திதான். ஒரு வாரம் ஓநாய், ஒரு வாரம் விஷ அம்பு. போன வாரம், அவள் கால் வைத்ததுமே பாலம் இடிந்தது. ஒவ்வொரு தடவையும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால் கண் இரண்டும் சிவந்து, முகம் வீங்கியிருக்கும்.

“அழுதியா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“மறைக்காதே. பேக்கரியில வேலை பாக்குற பொண்ணான்னு கல்யாணத்தப்பவே முகம் சுளிச்சவர்தானே அண்ணன்? அந்தக் காழ்ப்பைத்தான் இப்பப் பகடையில காட்டுறாரு.”

இந்த ஒரு வாரத்தில் விளையாட்டின் விதிப்புத்தகத்தையே அவன் கரைத்துக் குடித்துவிட்டான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தினமும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே பாடம்.

“வெறும் போர்வீரன்னா நல்லா அடிப்பான், அடிபட்டாப் படுத்துடுவான். வெறும் வைத்தியன்னா காயத்தை ஆத்துவான், ஒரே குத்துல போயிடுவான். நான் ரெண்டையும் ஒருத்திகிட்ட சேர்த்துட்டேன். முதல்ல வீராங்கனையா ஆரம்பிக்கணும், அப்பதான் கனமான இரும்புக் கவசம் போட விடுவாங்க. அதுக்கு மேல வைத்தியம். அடிபட்டா நின்ன இடத்துலயே தன் காயத்தைத் தானே ஆத்திக்குவா. கேக்குறியா?”

“நாளைக்குச் சொல்லுங்களேன். விடியக்காலை நாலு மணிக்கு பேக்கரிக்குப் போய் அடுப்பு பத்தவைக்கணும்.”

“இரு, கேடயத்தைப் பத்தி இன்னும் சொல்லவே இல்ல.”

அவள் தாளைப் பார்த்தாள். “இவ சாகவே மாட்டாளா?”

“சாகவே மாட்டா!”

“ஐயோ” என்றாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மேசையில் உட்கார்ந்ததும் அண்ணிதான் முதலில் வாயைக் கொடுத்தாள். “பொண்டாட்டிக்கு மட்டும் ஆள் தயார் பண்ணிக் குடுக்குறியே, அண்ணிக்கு ஒண்ணு பண்ணித் தரக் கூடாதா?”

“உங்களை யாரு அண்ணி கொல்றா? நீங்க அவரோட பொண்டாட்டி. சாகிறதுக்குன்னே எங்க வீட்டுலேருந்து ஒருத்தி வர்றாளே!”

அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒற்றைக்கண் அரக்கனை இறக்கினார். “தண்டாயுதத்தைத் தூக்கிட்டு நேரா உன் வீட்டுக்காரிகிட்ட வர்றான்.”

“வரட்டுமே!”

பகடை உருண்டது. “பதினேழு.”

“பதினேழா? பத்தொன்பதுக்குக் கீழே எது விழுந்தாலும் அந்தக் கவசத்துல கீறல்கூட விழாது!”

அடுத்தது பன்னிரண்டு. அதற்கடுத்தது எட்டு. ஒரே ஒரு முறை இருபது விழுந்து பாதி உயிர் போனது.

“ஆத்திக்கோ! மந்திரத்தைப் போடு!” என்று கத்தினான்.

“போடாட்டி என்ன?”

“போடுடீன்னா!”

போட்டாள். அரக்கன் அவளை மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டான். எழுந்து நின்றாள். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. கடைசியில் அரக்கன்தான் மண்ணைக் கவ்வினான். மெக்கானிக் மேசையில் ஓங்கிக் குத்தியதில் பகடைகள் துள்ளிக் கீழே விழுந்தன.

“எப்படி? இனிமே முடியுமா உங்களால?”

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். “மன்னிச்சுக்கம்மா. என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன், ஆகல.”

“மன்னிப்பா? அஞ்சு வாரமா குறிவெச்சுக் கொன்னுட்டு இப்ப மன்னிப்பா? எந்திரிடீ, போலாம். இனி இந்த வீட்டுப் படியை மிதிச்சா என்னை ஏன்னு கேளு!”

“உக்காருடா மடையா! கொல்லச் சொன்னதே அவதான். சனிக்கிழமையானா போன். ‘அத்தான், நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாக் கொன்னுடுங்க’ன்னு ஒரே கெஞ்சல்.”

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனைவி பக்கம் திரும்பினான்.

“என்னடீ இது? ஏன் அப்படிச் சொன்னே?”

அவள் அந்தத் தாளை எடுத்தாள். நாலாகக் கிழித்து அவன் முன்னால் எறிந்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் குரல் உயர்ந்து அவன் கேட்டது அன்றுதான்.

“செத்தாத்தானே என்னை ஒரு மணி நேரம் தூங்க விடுறீங்க!”